பொடி வைத்த கீரை

அந்தக் கீரையை நான் திருடவில்லை. குப்பைக்குப் போகிறதை எடுப்பதற்குத் திருட்டு என்று பெயர் வைத்தால், ஊரிலுள்ள காக்கைகளையெல்லாம் சிறையில் போட வேண்டியிருக்கும். இப்போது எனக்குள் இருக்கும் நடுக்கம் திருட்டுப் பயமல்ல. அதுவாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

நான் வேலை பார்ப்பது ஒரு பயிர் ஆராய்ச்சிக் கூடத்தின் கண்ணாடி வீட்டில். சுவர், கூரை எல்லாம் கண்ணாடி. உள்ளே வரிசை வரிசையாகத் தட்டுகளில் கீரை. தண்ணீர் விடுவது, வெட்டி எடை போடக் கொடுப்பது, எடை போட்டதைப் பையில் கட்டி எரிப்பதற்கு அனுப்புவது என் வேலை. துத்தநாகத்தைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குத் தூளாக்கி, தண்ணீரில் கலந்து மண்ணில் விட்டால் பயிர் எப்படி வளர்கிறது என்று பார்க்கிறார்கள். 'நானோ' என்பது அவர்கள் வைத்த பெயர். நாங்கள் பொடி என்போம். ஆராய்கிறவருக்கும் பொடி சார் என்றே பெயர் விழுந்துவிட்டது. நல்ல மனிதர்தான், ஆனால் பேச்சும் பொடி வைத்த பேச்சு. "ஏம்மா, நீ தண்ணி விட்டியா, இல்ல செடிங்களே எழுந்து போய் குடிச்சிட்டு வந்துச்சா?" என்பார். வயதில் என்னைவிடச் சின்னவர். ஆனாலும் வா, போ தான். எனக்கு அதில் குறையில்லை.

தட்டுகளில் வெள்ளை, மஞ்சள், நீலம், சிவப்பு என்று அட்டை குத்தியிருக்கும். எதில் எவ்வளவு பொடி என்பது அவருக்கே தெரியாது. தெரிந்தால் அளக்கிற கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். அடுத்த கட்டடத்தில் கலந்து அனுப்புகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டேன். மஞ்சளும் நீலமும் கொழுகொழுவென்று வளர்ந்தன. வெள்ளை சுமார். சிவப்பு நோஞ்சானாக நின்றது. சத்து குடித்தவன் கொழுப்பான், குடிக்காதவன் மெலிவான். இதற்கு என்ன படிப்பு வேண்டும்? சிவப்புதான் ஒன்றும் போடாத மண் என்று முடிவு கட்டினேன். அந்த மண்ணில் புழுக்கள் மேலே வந்து சுருண்டு கிடந்தபோதும், பாவம், பசியில் செத்துவிட்டன என்றுதான் நினைத்தேன். நாங்கள் போட்டுக்கொள்ளும் முகமூடியும் கையுறையும்கூட, நம் அழுக்கு செடியில் படாமலிருக்கத்தான் என்று நம்பியிருந்தேன்.

வீட்டில் தம்பி பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதுதான் தங்கியிருக்கிறது. நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே கூரையின் கீழ் ஒத்துப்போனால் அக்கம்பக்கத்துக்குத் தூக்கம் வராது. நாங்கள் பலருடைய தூக்கத்தைக் கெடுத்தவர்கள். எனக்கென்று பிள்ளைகுட்டி இல்லை. அவள் வயிற்றில் வளர்வது நம் மூன்று பேருடைய பிள்ளை என்று தம்பி கேலி செய்வான். இரத்தம் குறைவாக இருக்கிறது, கீரை நிறையச் சாப்பிடு என்று டாக்டர் சொன்னார். கடைக் கீரையில் பூச்சிமருந்து அடிக்கிறார்கள் என்று அவளுக்குப் பயம். பூச்சிமருந்தே படாத கீரை என் கண்ணெதிரே எரியப் போகிறது. எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று வாசலில் பலகை மாட்டியிருந்தார்கள். பலகை என்றிருந்தால் எதையாவது எழுதத்தானே செய்வார்கள்.

"ஒன்னும் போடாத கீரைம்மா. தைரியமா சாப்பிடு," என்று வாரா வாரம் சிவப்புத் தட்டுக் கீரையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பல தண்ணீர் விட்டுக் கழுவி, வேகவைத்து, ஊட்டாத குறைதான்.

அட்டைகளின் இரகசியத்தை இன்று காலை உடைத்தார்கள். எல்லாருக்கும் கேக் உண்டு, தண்ணீர் விடுகிறவர்களும் வரலாம் என்றதால், கையைத் துடைத்துக்கொண்டு நானும் கடைசி வரிசையில் போய் நின்றேன். சுவரில் படம் விழுந்தது. பொடி சார் குச்சியால் தொட்டுத் தொட்டுச் சொன்னார்.

"வெள்ளைதான் ஒன்னும் போடாதது. மஞ்சள்ல கொஞ்சம். நீலத்துல இன்னும் கொஞ்சம் கூட. ரெண்டும் நல்லா வந்திருக்கு. சிவப்புல இருக்கறதுலயே அதிகம். அளவு மீறினதும் செடி வளர்றதையே நிறுத்திடுச்சு. மண்புழுவும் போச்சு."

கடித்த கேக்கைக் காகிதத்திலேயே திரும்பச் சுருட்டினேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நாளெல்லாம் ஊருக்குச் சொல்கிறவள் நான். அந்த நஞ்சு மெலிந்து வாடி என் முன்னால் நின்றபோது, பாவம் என்று பரிதாபப்பட்டு வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன்.

எல்லாரும் கலைந்ததும் அவருடைய அறைக்குப் போனேன்.

"சார், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அந்த சிவப்புத் தட்டுக் கீரைய யாராவது தின்னுட்டா?"

"ஏன், எலி ஏதாவது வந்துச்சா?" என்று சிரித்தார்.

"கழுவித் தின்னா போயிடும்ல சார்?"

"எங்க போகும்? அது இலை மேல இல்லம்மா, இலைக்குள்ள இருக்கு. வேர்லயே நின்னுடும்னுதான் நெனச்சோம். நிக்கல. ஒரு தலைமுடியோட அகலத்துல ஆயிரக்கணக்குல வரிசையா நிக்கும், அவ்ளோ சின்னது. எங்க வேணா நுழையும்."

"மனுசங்க உடம்புல?"

"துத்தநாகம் சத்துதான். மாத்திரையாவே விக்கறாங்க. ஆனா இவ்ளோ சின்னதா, இவ்ளோ அதிகமா உள்ள போனா என்ன ஆகும்னு..." நிறுத்தினார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக முகத்தை விட்டு இறங்கியது. "யாரு சாப்பிட்டது?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்குத் தெம்பில்லை. சொல்லிவிட்டேன். எத்தனை மாதம் என்று கேட்டார். ஆறு முடிந்துவிட்டது என்றேன்.

அவர் எழுந்து, தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா," என்றார். "நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க."

இத்தனை வருடத்தில் அவர் என்னை நீங்க என்றதில்லை. அந்த ஒரு 'ங்க'வில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வேலையை விட்டுத் துரத்தியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பேன். ஆஸ்பத்திரியில் இதுவரை எரிந்து விழுந்த டாக்டர் திடீரென்று மரியாதையாகப் பேசினால், உள்ளே படுத்திருக்கிறவருக்குச் சரியில்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். இரண்டு முறை அந்த வராந்தாவில் நின்றிருக்கிறேன்.

"ஒன்னும் ஆகாதுன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

"ஆகும்னும் சொல்ல முடியல, ஆகாதுன்னும் சொல்ல முடியல. ஒன்னுமே இல்லாமலும் போகலாம். யாரும் இதச் சாப்பிட்டுப் பார்த்ததில்லம்மா. நாளைக்குக் காலையில அவங்களக் கூட்டிட்டு வாங்க, எனக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட போகலாம். நாங்க பார்த்துக்கறோம்."

பார்த்துக்கறோம் என்று அவர் செடிகளைப் பற்றியும் சொல்வார். தட்டுக்குத் தட்டு குனிந்து அளந்து பார்ப்பார். சிவப்புத் தட்டு நோஞ்சானாகப் போவதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பஸ்ஸில் வரும்போது, சொல்லாமல் விட்டால் என்ன என்று மனசு ஒரு சந்தில் நுழைந்தது. வேறு ஏதாவது காரணம் சொல்லி டாக்டரிடம் கூட்டிப் போகலாம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பிறக்காவிட்டால்? அதற்கு மேல் யோசிக்கப் பயந்து, பக்கத்துச் சீட்டுக்காரியிடம் மணி என்ன என்று கேட்டேன். அவள் சொன்னது காதில் விழவில்லை.

வீட்டில் அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அக்கா, சீக்கிரம் வாங்க. கைய வைங்க. காலையிலேருந்து ஒரே உதை."

பக்கத்தில் உட்கார்ந்து கையை வைத்தேன். உதைத்தது. மற்ற நாளாக இருந்தால் தெருவுக்கே கேட்கும்படி சிரித்திருப்பேன். இன்று அது விளையாடுகிறதா, தவிக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? வெளியிலிருந்து பார்த்து எதைத்தான் சரியாகச் சொன்னேன்?

கையை எடுக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மடித்த துணியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஒன்னும் போடாத கீரைன்னு சொன்னீங்களே அக்கா."

"அப்படித்தான் நெனச்சேன்."

"யாரையாவது கேட்டு சொன்னீங்களா?"

"இல்ல. பார்த்து சொன்னேன்."

அவள் கத்தவில்லை, அழவில்லை. நாளைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டாள். பிறகு தன் வயிற்றின் மேலிருந்த என் கையை மெதுவாக எடுத்து, என் மடியிலேயே வைத்தாள். தன் இரண்டு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

அவளுடைய விரல்கள் லேசாகத் துள்ளின. மறுபடியும் உதைத்திருக்க வேண்டும். எப்படி உதைக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.