சட்டைக்கு வந்த குடம்

சுனாமிக்கு மறு வருஷம். உப்பளத்திலிருந்து வந்து சட்டை மாற்றலாமென்று பார்த்தால் கொடி காலி. என் சட்டை நாலையும் கைலி இரண்டையும் காணோம். அடுப்படியில் பச்சையாக ஒரு புது பிளாஸ்டிக் குடம் உட்கார்ந்திருந்தது.

"பாத்திரக்காரன் வந்தான், ஒன் துணியப் போட்டுக் கொடம் வாங்கிட்டேன். இனி ஒனக்கு எதுக்குத்தா அதெல்லாம்?" என்றாள் என் அக்கா பூமயில்.

வந்த ஆத்திரத்தில் குடத்தை ஓர் உதை விட்டேன். ஆனால் அவளையும் குற்றம் சொல்ல முடியாது. போன மாதம் அவள் சேலையைக் கட்டிக்கொண்டு நான் கண்ணாடி முன்னால் நின்றபோது பார்த்துவிட்டாள். "நீ பொம்பளையாடா?" என்றாள். "ஆமாக்கா" என்றேன். ஒரு வாரம் பேச்சில்லை. அப்புறம் அவளே சாயல்குடி போய் வளையல் வாங்கிவந்து மாட்டிவிட்டாள். தனுஷ்கோடி என்ற என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டாள். வாலிநோக்கத்தில் வேறு எந்த அக்கா இதைச் செய்வாள்? மீதியையும் சொன்னால் இவளும் பைத்தியமென்று ஒதுக்கிவிடுவாளோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இப்போது முடியவில்லை.

"அக்கா, நான் பொம்பளதான். ஆம்பளையுந்தான். சில நாள் அது, சில நாள் இது, சில நாள் ரெண்டும் சேந்தே இருக்கும். எதுவும் நடிப்பில்ல. ஒண்ண விட்டுரச் சொன்னா என்னால ஏலாது."

அக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள். இருந்த ஒரு ஆளும் போச்சு என்று நினைத்தேன்.

"அட பாவி, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? வார வெள்ளிக்கிழம எம் பிள்ளைக்குக் காதுகுத்து. மடியில வைக்கத் தாய்மாமன் இல்லாமப் போயிட்டானேன்னு நெனச்சு நெனச்சு அழுதுக்கிட்டுக் கெடந்தேன். அப்ப என் தம்பி எங்கயும் போகலையா?"

"இங்கனதான்க்கா இருக்கேன்."

முகத்தைத் துடைத்தாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பாத்திரக்காரனைப் பிடிக்க ஓடினாள். குடம் நெளிந்திருக்கிறதென்று அவன் மல்லுக்கு நின்றானாம். ஒரு சட்டையை அவனே போட்டுக்கொண்டிருந்தானாம். அதையும் கழற்ற வைத்து வாங்கிவந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் எனக்குள் இருவரும் இருந்தார்கள். வேட்டி சட்டை உடுத்தினேன். வளையலைக் கழற்றவில்லை. பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்ததும், காது குத்த வந்த ஆசாரி என் கையைப் பார்த்துத் தயங்கினார்.

"தாய்மாமன் வரலையா?"

"வந்தாச்சு. சித்தியும் கூடவே வந்தாச்சு. நீங்க குத்துங்க" என்றாள் அக்கா.

பிள்ளை வீறிட்டு அழுதது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.