ஹேமநாதன் பிடித்த ஹேக்கர்

மலேசியாவின் ஸ்கூடாயில் தாமான் எனப்படும் குடியிருப்பில் வசிக்கும் ஹேமநாதன், சிங்கப்பூர் கம்பெனி ஒன்றுக்காக ஜெராக்ஸ் இயந்திரங்கள் விற்கிறவர். தாமானில் யாராவது கேட்டால் "ஐடி லைன்" என்பார். குடும்பப் படங்களை இணையத்தில் ஏற்றி வைக்கிறவர்கள் ஏமாளிகள் என்பது அவர் கொள்கை. அதற்காகவே சேமிப்புப் பெட்டி ஒன்றை வாங்கி, டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வீட்டுப் படங்களும் வீடியோக்களும் அதற்குள் இருந்தன. வைஃபை வழியாகக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை எதையோ படித்துவிட்டுப் பெட்டியின் பாஸ்வேர்டை மாற்றினார். ஞாயிறு மதியம் அவர் மனைவி ஷர்மினி, தங்கை ஷாமளாவின் கல்யாண வீடியோவைப் பார்க்கலாமென்று கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தாள். பெட்டி திறக்க மறுத்தது. அதே நேரம் ஹேமநாதனின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. யாரோ திரும்பத் திரும்பத் தவறான பாஸ்வேர்டு போட்டு நுழையப் பார்த்ததாகவும், பெட்டி அந்த ஆளைத் தடுத்துவிட்டதாகவும் அதில் இருந்தது. கீழே, நுழையப் பார்த்த கருவியின் இணைய எண்.

"அலமாக்! ஹேக்கர்!"

அவர் பயந்தார் என்று சொல்ல முடியாது. பூரித்துப்போனார். தேடி வந்து திருடும் அளவுக்குத் தானும் ஓர் ஆளாகிவிட்ட செய்தியை உடனே தாமான் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பிறகு யோசித்தார். தீபாவளிக்கு வந்தபோது வைஃபை பாஸ்வேர்டு கேட்டு வாங்கியவர், பக்கத்து வீட்டு நவ்சாத். சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்.

நவ்சாத் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார்.

"பாய், நம்ம வைஃபைல ஏதாச்சும் பண்ணீங்களா? போலீஸுக்குப் போறதுக்கு முன்ன ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு..."

நவ்சாத் தண்ணீரை நிறுத்தினார். "உங்க போட்டோவத் திருடி நான் என்னா செய்யப் போறேன் லா? கடையில ஃப்ரேம் போட்டு மாட்டவா?"

கதவருகே நின்ற அவர் மனைவி முபீனாவின் முகம் சுருங்கியது. விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள்.

ஹேமநாதன் திரும்பி வந்து பெட்டி, மோடம், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அணைத்து அணைத்துப் போட்டார். பயனில்லை. கடைசியில் ஷர்மினி கேட்டாள்.

"அந்த மெசேஜ்ல இருக்கிற நம்பரக் காட்டுங்க."

வாங்கிப் பார்த்தாள். கம்ப்யூட்டரின் இணைய எண்ணையும் பார்த்தாள். இரண்டும் ஒன்றுதான்.

"ஹேக்கரக் கண்டுபிடிச்சாச்சு."

"நவ்சாத்தானே?"

"நம்ம கம்ப்யூட்டருங்க. நீங்க பாஸ்வேர்ட மாத்தினது அதுக்குத் தெரியாது. பழசையே போட்டுப் போட்டுத் தட்டியிருக்கு. திருடன்னு நெனச்சு பெட்டி கதவச் சாத்திருச்சு."

கைபேசி வழியாகப் பெட்டிக்குள் போய் அந்த எண்ணின் மீதிருந்த தடையை எடுத்தாள். கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருந்த பழைய பாஸ்வேர்டை அழித்துப் புதியதைக் கொடுத்தாள். திரையில் ஷாமளா மாலையோடு சிரித்தாள்.

"பாய்கிட்ட போய் மன்னிப்புக் கேளுங்க."

"நான் என்ன திருடன்னா சொன்னேன்? கேள்விதானே கேட்டேன்."

சொல்லிவிட்டுக் குழுவில் எழுதினார்: 'தாக்குதல் முறியடிக்கப்பட்டது. யாரும் அஞ்ச வேண்டாம்.' கைதட்டல்கள் குவிந்தன. குடியிருப்போர் சங்கத் தலைவர் மகேஸ்வரன், இணையப் பாதுகாப்பு பற்றி சங்கத்தில் உரையாற்றும்படி அழைத்தார். ஹேமநாதன் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்க ஷர்மினிதான் போனாள். முபீனா மரியாதையாகத்தான் பேசினாள். ஆனால் கேட்டைத் திறக்கவில்லை. வெயிலில் நின்றபடியே பேசிவிட்டு ஷர்மினி திரும்பினாள்.

உரைக்குக் கிளம்பும்போது ஹேமநாதன் கைபேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தார். பக்கத்து வீட்டு வைஃபைக்கு இப்போது புதுப் பெயர்: 'பென்ச்சூரி செபெலா'. மலாயில், பக்கத்து வீட்டுத் திருடன்.

"பாத்தியா?" என்றார் மனைவியிடம், முகமெல்லாம் மலர. "நான் சொன்னப்புறம் பாய் கூட உஷாராயிட்டாரு. திருடன் பயந்து ஓடுற மாதிரி பேர் வெச்சிருக்காரு."

ஷர்மினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நேரமாச்சு. கெளம்புங்க," என்றாள்.