நனைந்த குஞ்சு

இந்தக் காலத்தில் ஒருத்தன் கட்டிலை விட்டு எழுந்திரிக்கக்கூட, கோட்டுப் போட்டவன் எவனோ செல்போனுக்குள் நின்று கத்த வேண்டியிருக்கிறது. உனக்குள்ளே ஒரு சிங்கம் தூங்குகிறது என்கிறான். என் மகன் ஆனந்தகுமார் அதைப் படுத்துக்கொண்டே கேட்கிறான். முடிந்ததும் இன்னொன்று போட்டுக் கேட்கிறான். சிங்கமும் எழவில்லை, இவனும் எழவில்லை. நான் மூன்றாவதோடு மாடு மேய்க்கப் போனவன். எனக்குத் தெரிந்து பசியைவிட நன்றாக எழுப்புகிறவன் எவனும் இன்னும் பிறக்கவில்லை.

மோகனூர் ரோட்டில் எங்களுக்கு ஒரு முட்டைக்கோழிப் பண்ணை. போன சித்திரையில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. கூரைமேல் தண்ணீர் தெளிப்பது நின்றது. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. ஆனந்தகுமார் குடம் குடமாக மொண்டு கூரையில் வீசினான். கோழிகள் வாயைப் பிளந்து, றெக்கையை விரித்து, கூண்டுக்குள்ளேயே சாய்ந்தன. பொழுது இறங்கும்போது கோழிச் செட்டில் சத்தமே இல்லை. ஜேசிபி வைத்துக் குழி தோண்டிப் புதைத்தோம். அன்றைக்குப் படுத்தவன்தான். அதற்குப் பிறகு அந்தச் செட்டுக்குள் காலே வைக்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்துச் செல்லமுத்து செட்டைக் குத்தகைக்குக் கேட்டான். நானும் தலையாட்டிவிட்டேன். மருமகள் மைதிலிதான் குறுக்கே நின்றாள்.

"ஒரே ஒரு தடவை பாப்போங்க மாமா. குஞ்சுக்குச் சொல்லியிருக்கறனுங்க, வெள்ளிக்கெழம வருது. அன்னைக்கும் அவரு எந்திரிச்சு வல்லீன்னா, குஞ்சோட சேத்து செல்லமுத்தண்ணங்கிட்டயே உட்டுரலாங்க."

"பால் வாங்கவே வாசலைத் தாண்டாதவன் குஞ்சுக்கு வருவானா அம்மணி?"

"தெனமும் செல்போன்ல அதெல்லாம் கேக்கறாருல்லங்க."

"கேக்கறதுக்குக் காது இருந்தாப் போதும்."

வெள்ளிக்கிழமை விடியும்போது பொரிப்பகத்து வேன் வந்தது. மைதிலி உமி பரப்பி, மேலே காகிதம் விரித்து, தகரத் தடுப்புக் கட்டி, பல்புகளைத் தொங்கவிட்டு வைத்திருந்தாள். அவனை எழுப்பப் போனவள் தனியாகத்தான் திரும்பினாள். அட்டைப்பெட்டிகளைப் பிரித்தாள். செல்லமுத்தும் வந்து கதவோரம் நின்றுகொண்டான்.

அன்றைக்குப் பொரித்த குஞ்சுக்குத் தண்ணீர் என்றால் என்னவென்று தெரியாது. வண்டியில் வந்த களைப்பில், தண்ணீருக்குப் பக்கத்திலேயே நின்று தவித்துச் சாகும். கையில் எடுத்து மூக்கைத் தண்ணீரில் தொட்டுவிட வேண்டும். கொஞ்சம் குஞ்சுகள் குடிக்கப் பழகினால் மற்றது பார்த்துக் குடிக்கும். கோழி மகன் கொண்டுவந்த தொழில், என் கை மண்வெட்டி பிடித்த கை. ஆனாலும் ஆள் இல்லையே என்று நானும் குத்தவைத்தேன்.

"பாத்துங்க மாமா, தேங்கா உரிக்கறாப்புல புடிக்கறீங்க" என்றான் செல்லமுத்து.

அவன் வாய் மூடுவதற்குள் என் பிடி நழுவி, குஞ்சு கழுத்துவரை தண்ணீருக்குள் போய்விட்டது. எடுத்துத் துண்டால் அழுத்தித் துடைத்தேன்.

"அப்பிடித் தொடைக்காதீங்கப்பா."

ஆனந்தகுமார் கதவுக்கு வெளியே நின்றிருந்தான். அழுக்கு லுங்கி, காதை மூடிய முடி. எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

"மூக்கு மட்டுந்தானுங்க நனையோணும். ஒடம்பு நனஞ்சா வெறச்சுப் போயிரும். பல்புக்குக் கீழ வைங்க."

வைத்தேன். குஞ்சு பக்கவாட்டில் சாய்ந்தது.

"அங்கில்லீங்க" என்றவன் ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு உள்ளே வந்தான். குஞ்சை இரண்டு கைக்குள்ளும் பொத்தி, பல்புச் சூட்டில் காட்டி, வாயால் ஊதினான். வெகுநேரம் ஊதினான். குஞ்சு கண்ணைத் திறக்கவே இல்லை.

தீர்ந்தது, மறுபடி கட்டிலுக்குத்தான் போவான் என்று நினைத்தேன். மைதிலியும் அப்படித்தான் நினைத்திருப்பாள், அவள் கை பெட்டிமேலேயே நின்றது. அவன் செத்த குஞ்சைக் காகிதத்தின் மேல் வைத்தான். முகத்தை லுங்கியில் துடைத்தான். இன்னொரு குஞ்சை எடுத்து மூக்கைத் தொட்டுவிட்டான். அப்புறம் இன்னொன்று.

மைதிலி என் பக்கம் குனிந்தாள். "வேணும்னே நனச்சீங்களா மாமா?"

"அத்தன மூளை இருந்தா நான் ஏஞ்சாமி இங்க குத்தவெச்சிருக்கறேன்?"

செத்த குஞ்சைத் துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்தேன். வாசலில் செல்லமுத்து மடக்கினான்.

"அப்ப செட்டு எனக்கில்லீங்களா?"

"இன்னைக்கு இல்ல."

"பையன் எந்திரிச்சுட்டான்னு சொல்லுங்க."

"ஒரு நாள் எந்திரிச்சதெல்லாம் எந்திரிச்சதா? சித்திரை வரட்டும். கரண்ட் போவட்டும். அப்பச் சொல்றேன்."

வீட்டைத் தாண்டும்போது காலிக் கட்டிலில் செல்போன் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டுக்காரன்தான் எழுப்பிவிட்டான் என்று நாளைக்கு இவனே சொன்னாலும் சொல்வான். எனக்கு அதை அணைக்கத் தெரியாது. அப்படியே கத்தட்டும் என்று விட்டுவிட்டு, குஞ்சைப் புதைக்க வரப்பில் இறங்கி நடந்தேன்.