தொட்டிகிட்ட திரும்பணும்

விசாரணைக்கு வந்திருந்தவர்கள்: ஆம்புலன்ஸ் ஆபீசிலிருந்து ஒரு பெண் அதிகாரி, ஆம்புலன்ஸ் டிரைவர், செத்துப்போனவளின் அம்மா, அவள் அண்ணன், கூப்பிடாமலே வந்த கடைக்காரர், அவளைக் கட்டிய வெல்டர். பத்தொன்பதே வீடு உள்ள ஊரில் பொது இடம் ஏது? வெல்டரின் மாமியார் வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்தார்கள். அவள் செத்ததிலிருந்து இருபது நாளாக அவனுக்குச் சோறும் படுக்கையும் இங்கேதான். தன் வீட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை. இந்த வீட்டை விட்டால் அவனுக்கு மனுஷர் கிடையாது.

ஊர் எந்தக் காகிதத்திலும் இல்லை. தெருவுக்குப் பெயரோ வீட்டுக்கு நம்பரோ கிடையாது. மேப்பில் தெரியும் புள்ளி ஈ உட்கார்ந்ததாகத்தான் இருக்கும், தட்டினால் பறந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். இங்கே வழி சொல்வதெல்லாம் அடையாளம் வைத்துத்தான். எரிந்த லாரியைப் பழைய இரும்புக்குப் போட்டு ஆறு வருஷம் ஆகிறது. அந்த இடம் இன்னமும் லாரி முக்குதான்.

தண்ணித்தொட்டி கிட்ட திரும்பச் சொன்னதாக டிரைவர் முணுமுணுத்தான். தொட்டியைத் தேடிக்கொண்டே எட்டு மைல் தாண்டிப் போய்விட்டானாம். அண்ணன் எகிறினான். அன்றைக்கே இடித்துப் பத்து நாளாகியிருந்த இரும்புத்தொட்டியை எவன் சொல்வான்? அதை அறுத்துத் தள்ளியதே தன் மாப்பிள்ளைதான். அவர் சிவப்பு கேட் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இவன் எங்கேயோ தூங்கிவிட்டுக் கதை அளக்கிறான், வேலையை விட்டுத் தூக்குங்கள் என்றான்.

எல்லாரும் டிரைவரின் நம்பருக்கே நேராக அடிப்பதால் ஆபீசில் பதிவு எதுவும் இல்லை. அதிகாரி வெல்டர் பக்கம் திரும்பி, என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள்.

மூன்று நாள் கேஸ் கட்டரோடு தொட்டி மேல் தொங்கியவன் அவன். அன்றைக்கு அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனில் பேசியபோது, வாய் பழக்கத்தில் போய்விட்டது. இப்போது கேட்தான் என்று ஒரு தலையாட்டல் போதும், பழி டிரைவரோடு போய்விடும். டிரைவர் நிமிரவே இல்லை.

"அவர் சொல்றது நெஜம். தொட்டின்னுதான் சொன்னேன்."

"செவப்பு கேட்டுன்னு சொன்னீங்களே, மாப்பிள்ளை."

"உங்ககிட்ட பொய் சொன்னேன், மச்சான்."

அதிகாரி எழுதி முடித்தாள். டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் போனான். கடைக்காரரும் சத்தமில்லாமல் நழுவினார். அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

மாமியார் கேட்டாள்: "அவளுக்கு நெனவு இருந்துச்சா?"

"கடைசி வரைக்கும், அத்தை. வண்டி வருதா, வண்டி வருதான்னு கேட்டுட்டே இருந்தா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தொட்டியத் தாண்டிட்டாங்கன்னு சொன்னேன்."

அவள் எழுந்து உள்ளே போய் அவனுடைய இரண்டு சட்டையையும் மடித்து எடுத்து வந்தாள். கையில் கொடுத்தாள். வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அவன் செருப்பை மாட்டாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினான். பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அப்புறம் சாவி திரும்பியது.