இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது இல்லை. திருவேற்காட்டில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருக்கும் முகமது ஆசிக், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் என்னை மறித்துக்கொண்டு சொன்னது. வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கார் ஷோரூமில் அவனுக்கு விற்பனை வேலை. ஓட்டிப் பார்க்க வருகிறவர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் உட்கார்ந்து கூடவே போக வேண்டும். ஆகவே அவன் பார்த்ததெல்லாம் இரண்டு பின்னந்தலைகள்தான். அதை வைத்துக்கொண்டு கதை எழுது என்றால் எப்படி எழுதுவது? முகங்களை நான்தான் ஒட்டவைத்தாக வேண்டும்.

"அண்ணாத்தே, நீ கத எழுதுற ஆளுதானே? இன்னிக்கு ஒண்ணு நடந்துச்சு பாரு. என் சர்வீஸ்ல இப்டி ஒரு டெஸ்ட் டிரைவ் பாத்ததே இல்ல" என்று ஆரம்பித்தான். பால் பாக்கெட்டும் கையுமாக முக்கால் மணி நேரம் நின்றேன். அதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'சிவப்பு நிறக் கார் ஒன்று பாய்வதற்குத் தயாராகக் காலை வெயிலில் பளபளத்துக்கொண்டு—'

சீச்சீ. இது விளம்பரம்.

இரண்டாம் முயற்சி: 'ஜெர்வினின் இடது காலில்—'

இல்லை, இதை இவ்வளவு சீக்கிரம் உடைக்கக் கூடாது, கடைசிவரை பொத்தி வைக்க வேண்டும் என்று தோன்றியது. அப்புறம் யோசித்தேன். பொத்தி வைத்ததால்தானே அந்தப் பிள்ளைகள் இரண்டும் அவ்வளவு பாடு பட்டன? நானும் ஏன் பொத்த வேண்டும்? சொல்லிவிடுகிறேன்.

ஜெர்வினுக்கு முப்பது வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், தூக்கி வைக்கும்போது நழுவிய இரும்பு அச்சு ஒன்று அவன் இடது காலில் விழுந்தது. பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். ஷூவுக்குள் அடைப்பு வைத்துக் கட்டிக்கொண்டால் நடையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் கிளட்சை மிதிக்க முடியாது. மிதிப்பதற்கு வேண்டிய பாகம் போய்விட்டது. அதற்கு முன்னால் வண்டி என்றால் அவனுக்கு உயிர். நண்பர்களுடைய கார்களையெல்லாம் வாங்கி வெளிவட்டச் சாலையில் ஓட்டிவிட்டு வருகிறவன். இப்போது ஒரு ஸ்கூட்டரில் ஓரமாகப் போய் ஓரமாக வருகிறான்.

(முதல் வரைவில் முழங்கால்வரை எடுத்திருந்தேன். வாசகரை அழவைக்கும் ஆசை. பிறகு வெட்கமாகப் போய், ஆசிக் சொன்ன அளவுக்குக் காலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.)

3

பெனிஷா ஆவடிப் பெண். அம்பத்தூரில் ஐ.டி. கம்பெனி. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. இரண்டுமே கத்தோலிக்கக் குடும்பங்கள். பெண் பார்த்து, பேசி முடித்து, இருவருடைய கோயில்களிலும் மூன்றில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது.*

(* தெரியாதவர்களுக்கு: கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிகிற நேரத்தில், பெண் மாப்பிள்ளை பெயர்களைப் பங்குத்தந்தை சபையில் வாசிப்பார். ஏதாவது தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்பார். அதற்குத்தான் ஓலை என்று பெயர். எனக்கும் ஆசிக்குக்கும் இது தெரியாது. நாலாவது மாடி ஹில்டா அக்காவிடம் கேட்டுக்கொண்டேன்.)

இரண்டாம் ஓலை வாசித்த அன்று போனில் பெனிஷா சொன்னாள்: "கல்யாணம் முடிஞ்சதும் மெரினா போலாம். செருப்பக் கையில எடுத்துக்கிட்டு அலையிலயே ரொம்ப தூரம் நடக்கணும். வருவீங்கல்ல?"

ஜெர்வினுக்குப் பகீரென்றது. அப்படியென்றால் இவளுக்குத் தெரியாதா? பெண் பார்ப்பதற்கு முன்பே அவளுடைய அப்பா கிறிஸ்துதாசிடம் எல்லாவற்றையும் சொல்லி, கேட்டால் காட்டவும் தயாராகத்தானே நின்றான்? "நான் வீட்ல சொல்லிக்கிடுதேன் தம்பி, நீங்க கவலப்படாதீங்க" என்று அவனைத் தட்டிக்கொடுத்த மனிதர் வீட்டில் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு நாளும் சொல்லிவிடுவது என்று போனை எடுத்தான். வாயைத் திறந்தால் "சாப்டீங்களா?"தான் வந்தது. அவள் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருப்பான். அவ்வளவு பிடித்துப்போய்விட்டது அவளை. பிடிக்காமல் இருந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை. அதற்கு முந்தின நாள், "ஒரு கார் ஓட்டிப் பாக்கப் போறேன், கூட வர்றீங்களா?" என்று கேட்டான். நிச்சயமான பெண்ணும் பையனும் தனியாகப் பேச இந்த ஊரில் வேறு எந்த இடம் இருக்கிறது? வண்டியில் இருக்கும்போது எப்படியாவது சொல்லிவிடுவது. நாளை வாசிக்கிற ஓலை அவளுக்கு எல்லாம் தெரிந்த ஓலையாக இருக்க வேண்டும். பின்சீட்டில் ஒருவன் உட்காருவான் என்பதுதான் பாவம் அவனுக்குத் தோன்றவில்லை.

4

"உள்ள ரெண்டு கிளட்ச் சார், ரெண்டும் தானாவே வேல செய்யும்" என்று பின்னால் இருந்து ஆரம்பித்தான் ஆசிக். "ஒண்ணு இப்ப ஓடுற கியர புடிச்சுகினு இருக்கும், இன்னொண்ணு அடுத்த கியர ரெடியா வெச்சுகினு இருக்கும். மாறுறதே தெரியாது. சின்ன வண்டின்னு நெனைக்காதீங்க, அந்த ஸ்போர்ட் பட்டன அமுக்கிப் பாருங்க சார், அள்ளும்!"

(இந்த இடத்தில் இரண்டு கிளட்சையும் புருஷன் பெண்டாட்டியோடு ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. கிழித்துவிட்டேன். கியர்பெட்டி கியர்பெட்டியாகவே இருக்கட்டும்.)

ஜெர்வின் அமுக்கினான். திருவேற்காடு போகிற சாலையில் கொஞ்சம் ஆளில்லாத இடம் வந்தது. வண்டி ஒரு உறுமல் உறுமி முன்னால் தாவியது. இரண்டு வருஷமாக மறந்திருந்த ஒன்று வயிற்றிலிருந்து கிளம்பி, அவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். பெனிஷா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படிக்கூட சிரிப்பீங்களா நீங்க? போன்ல ஒரு நாளும் கேட்டதில்லயே."

இதுதான் சமயம். சொல். சொல்லிவிடு.

"ஆட்டோமேட்டிக்தான் வேணும்னு ஏன் இவ்ளோ பிடிவாதம்?" என்று அவளே எடுத்தும் கொடுத்தாள்.

"டிராஃபிக்…" என்றான் ஜெர்வின். "பாடி மேம்பாலத்துக்கிட்ட டிராஃபிக் ரொம்ப ஜாஸ்திங்க."

எழுதுகிற எனக்கே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் இதை மாற்ற முடியாது. ஆசிக் காதால் கேட்டது.

5

"நான் கொஞ்சம் ஓட்டட்டுமா?" என்றாள் பெனிஷா. இடம் மாறி உட்கார்ந்தார்கள். அவள் அப்பாவின் பழைய காரை ஓட்டிப் பழகியவள், கியர் வண்டி. ஒரு கிலோமீட்டர் பிசிறில்லாமல் போயிற்று. முன்னால் ஒரு வேகத்தடை. வேகம் குறைக்க வேண்டும் என்று மனம் நினைத்த கணத்தில், அவள் இடது கால் வழக்கம்போல கிளட்சைத் தேடிப் போய் ஓங்கி ஒரு மிதி மிதித்தது. அங்கே கிளட்ச் எங்கே இருக்கிறது? அகலமான பிரேக்தான் இருந்தது. வண்டி அந்த இடத்திலேயே குத்திட்டு நின்றது. ஆசிக்கின் நெற்றி முன்சீட்டில் மோதியது. பின்னால் வந்த ஷேர் வேன் கிறீச்சிட்டு ஒதுங்கியது. "இன்னாம்மா வண்டி ஓட்டிகினு கீற! ஊட்ல சொல்லிகினு வந்தியா?" என்று வேன்காரர் கத்திவிட்டுப் போனார்.

ஆசிக் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "பரவால்ல மேடம், கியர் வண்டி ஓட்னவங்க எல்லாரும் பண்றதுதான். எடது கால மடக்கிப் பின்னாடி வெச்சுக்குங்க. இதுல அதுக்கு வேலையே கெடையாது" என்றான். அவள் வண்டியை ஓரங்கட்டினாள்.

அப்போதுதான் ஜெர்வின் பேசினான். ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்த வாக்கியங்கள் ஒன்றுகூட வரவில்லையாம்.

"என் எடது காலுக்கும் வேல இல்லீங்க. ரெண்டு வருஷமா. பாதி பாதம் இல்ல. பட்டறையில அடிபட்டு எடுத்துட்டாங்க. கிளட்ச் மிதிக்க முடியாது, அதுக்குத்தான் இந்த வண்டி. டிராஃபிக்லாம் பொய்."

(என் வரைவில் பெனிஷா இங்கே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆசிக்கிடம் படித்துக் காட்டினேன். "அழவே இல்லண்ணாத்தே, நீ ஏன் அந்தப் பொண்ண அழுவ வெக்கிற?" என்று சண்டைக்கு வந்துவிட்டான். நியாயம்தான். எனக்கு அவளைத் தெரியவில்லை. அடி விழுந்தால் பெண்கள் அழுவார்கள் என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன்.)

அவள் அவன் ஷூவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"மழைக்காலத்துல மட்டும்."

"எங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"…தெரியும். பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்."

"எனக்குத் தெரியாதுன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"மெரினா போலாம்னு சொன்னீங்கல்ல, அன்னிக்கு."

"ஒரு வாரம்" என்றாள் பெனிஷா. "ஒரு வாரமா டெய்லி பேசுறோம்."

"தப்புதாங்க. போன வச்சிருவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

பின்சீட்டில் ஒருத்தன் போனை நோண்டுகிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தான். "சீட்டுக்குள்ளயே பூந்துக்கலாம்னு இருந்துச்சு அண்ணாத்தே" என்றான் என்னிடம்.

6

பெனிஷா இடது காலை மடக்கி வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். ஷோரூமுக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. "மேடம், இங்க திரும்பணும்" என்றான் ஆசிக். அவள் திரும்பவில்லை. காடுவெட்டி போயிற்று, பருத்திப்பட்டு போயிற்று. "மேடம், மேனேஜர் திட்டுவாரு மேடம்" என்று இவன் கெஞ்சக் கெஞ்ச, கார் ஆவடியில் அவள் வீட்டு வாசலில் போய் நின்றது. இந்தத் தடவை பிரேக்கை வலது காலால்தான் அழுத்தினாள்.

ஹாரன் சத்தம் கேட்டுக் கிறிஸ்துதாஸ் வெளியே வந்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால் நாகர்கோவில் பக்கமிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். புதுக் காரில் மகளையும் மாப்பிள்ளையையும் பார்த்து முகமெல்லாம் பல்லாக வந்தார். பெனிஷா இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினாள்.

"இவரு கால் விஷயத்த எங்கிட்ட ஏன்ப்பா சொல்லல?"

அவர் ஜெர்வினைப் பார்த்தார். ஆசிக்கைக்கூடப் பார்த்தார். பிறகு குனிந்து, கதவின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"நல்ல பையன் மக்ளே. எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நீ காலக் கேட்டுட்டு வேண்டாம்னு சொல்லிருவியோன்னு பயந்துட்டேன்."

"வேணாம்னா அத நான்தானப்பா சொல்லணும்? வேணும்னாலும் நான்தான சொல்லணும்? ரெண்டுக்கும் எனக்கு வாய் இல்லாமப் பண்ணிட்டீங்களே."

அழவில்லை. ஆனால் கடைசியில் குரல் உடைந்துபோனது. மகளுடைய தோளைத் தொட வந்த கிறிஸ்துதாசின் கை பாதியிலேயே நின்றுவிட்டது. ஜெர்வினுக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்தக் கையைப் பார்த்ததும் போய்விட்டது.

அவளே வண்டியை ஷோரூமுக்குத் திருப்பி ஓட்டி வந்தாள். சாவியை ஆசிக்கிடம் கொடுத்து, "சாரி அண்ணா, நெத்தியில ஐஸ் வைங்க. வண்டி நல்லாருக்கு" என்றாள். பிறகு ஜெர்வினிடம், "நாளைக்கு ஓலை வாசிக்கறதா வேணாமான்னு நானே வந்து உங்ககிட்ட சொல்றேன். அப்பா மூலமா இல்ல, போன்லயும் இல்ல" என்றாள். ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

7

ஆசிக்கின் கதை இங்கே முடிகிறது. என் தொல்லை இங்கே ஆரம்பிக்கிறது.

முடிவு ஒன்று: அவள் சரி என்கிறாள். எழுதிப் பார்த்தேன். இரக்கப்பட்டுச் சொன்ன மாதிரி வருகிறது. இரக்கத்தில் கட்டிக்கொள்கிற பெண் இல்லை அவள்.

முடிவு இரண்டு: அவள் வேண்டாம் என்கிறாள். காலுக்காக இல்லை, ஏமாற்றியதற்காக. நியாயம் இருக்கிறது. எழுதி முடித்துவிட்டு, ஸ்கூட்டரில் ஓரமாக வீடு திரும்பும் ஜெர்வினை நினைத்து எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

முடிவு மூன்று: மெரினா. அலை. அவன் ஷூவை அவளே கழற்றி— நிறுத்திவிட்டேன். எனக்கே கண் கலங்கிவிட்டது. இத்தனைக்கும் நான் இன்னும் அவளை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

போன வாரம் படியில் ஆசிக் ஓடி வந்தான். "அண்ணாத்தே, அந்த ஜோடி மேட்டர் இன்னா ஆச்சு தெரியுமா? அந்தப் பொண்ணு நேத்து…"

"வாயை மூடுடா!" என்று காதைப் பொத்திக்கொண்டு மேலே ஓடிவந்துவிட்டேன். அவனுக்கு நான் ஏன் ஓடினேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

ஆகவே எனக்குத் தெரிந்தவரை அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை இன்னும் முடியவில்லை. அம்பத்தூரில் ஜெர்வினின் கோயில். அவன் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். நற்கருணை அப்பம் கொடுத்து முடிந்துவிட்டது, பூசை முடியப்போகிறது. பக்கத்துக் கதவு வழியாகப் பெனிஷா வருகிறாள். அவள் பங்குக் கோயில் ஆவடியில், இந்தக் கோயிலுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பெண்கள் பக்கம் போகாமல், நேராக வந்து அவன் வரிசையிலேயே உட்காருகிறாள். பங்குத்தந்தை ஓலை எழுதிய அறிக்கைத் தாளை எடுக்கிறார். பெனிஷா ஜெர்வின் பக்கம் தலையைச் சாய்த்து, அவன் காதருகில் பேச வாயைத் திறக்கிறாள்.

உங்களுக்கு அவசரம் என்று தெரிகிறது. நீங்கள் ஒரு முடிவை வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் இஷ்டம். என்னிடம் கேட்காதீர்கள். அவள் சொல்ல வேண்டியதை அவளைக் கேட்காமல் அவள் அப்பா ஏற்கெனவே சொல்லி முடித்திருக்கிறார், நல்ல மனசோடுதான் செய்தார். இரண்டாவது ஆளாக நான் இருக்க மாட்டேன். பங்குத்தந்தையே, ஒரு நிமிஷம் பொறுங்கள். அந்தப் பெண் பேசட்டும்.