பொன்னுருக்கலுக்கு வந்த ஹங்கேரிக் காசு

தாலிக்குப் பொன் உருக்கிவிட்டால், கல்யாண நாள்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் சந்திக்கக் கூடாது. பெண் அந்தச் சடங்குக்கே போவதில்லை. அதனால்தான் கவிசா, ஜெர்மனியின் பீலெஃபெல்டில் இரண்டு தெரு தள்ளித் தன் அறையில் இருந்தபடி, கிருபன் வீட்டுப் பொன்னுருக்கலைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் மஞ்சள் பூசியிருந்தாள்.

வெற்றிலைத் தட்டு திரைக்கு வந்தது. அவள் கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோனாள். தட்டில் இருந்தது தாலிக்கு வாங்கிய தங்கப் பவுண் இல்லை. அவள் கிருபனுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்த காசு! நானூறு வருடத்துக்கு முந்தைய ஹங்கேரி வெள்ளி, மேலே பொன்முலாம், நடுவில் குழந்தையோடு மாதா. ஏலம் ஏலமாக நாயாய் அலைந்து பிடித்தது. சாமிப்படங்கள் வைக்கும் தட்டில் இருந்த இரண்டு பெட்டிகளில், கிருபனின் தாய் குணேஸ்வரி பெரியதைத் திறந்து பூரித்துப் போயிருந்தார்.

"என்ர பிள்ளை எவ்வளவு பெரிய பவுண் வாங்கியிருக்கிறான், பாருங்கோ!"

"இந்தச் சின்னச் சட்டிக்குள்ள போகாது, அக்கா. வெட்டித்தான் போடவேணும்," என்றார் தாலி செய்யும் பத்தர் சோதிலிங்கம்.

"வெட்டுங்கோ அண்ணை, நல்லநேரம் போகுது."

"மாமி, வெட்டாதேங்கோ!" கவிசா தொண்டை கிழியக் கத்தினாள். அந்தப் பக்கத்துக் கைபேசியின் சத்தத்தை யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள். மாமி சிரித்துக் கையசைத்தார். மாப்பிள்ளையோ உள்ளறையில் வேட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

விழுந்தடித்து ஓடினாள். ஒரு காலில் செருப்பு, மற்றதில் வெறும் காலுறை. ட்ராமுக்கு நின்ற ஜெர்மன் கிழவர் ஒருவர் அந்த மஞ்சள் முகத்தைக் கண்டு தொப்பியைக் கழற்றினார். பதில் வணக்கத்துக்கு நேரமில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு போய், பத்தரின் கத்திரிக்கும் காசுக்கும் நடுவே கையை நீட்டினாள்.

"ஐயோ, கல்யாணப் பொம்பிளை வந்திட்டா!" கூடமே அலறியது. வேட்டியைப் பிடித்தபடி ஓடிவந்த கிருபன் வாய் பிளந்து நின்றான்.

"மாமி, இது பொன் இல்லை, வெள்ளி. இவருக்கு நான் குடுத்தது. பவுண் சின்னப் பெட்டிக்குள்ள இருக்கு."

குணேஸ்வரி சின்னப் பெட்டியைத் திறந்து பார்த்தார். வழக்கத்தை மீறிவிட்டோமே என்று கவிசா ஓரடி பின்வாங்கினாள். மாமியின் முகம் கோணியது; மறுகணம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பொன் இன்னும் உருகேல்லைத்தானே? அப்ப ஒரு குற்றமும் இல்லை. உங்கட மாதாவையும் கூட்டிக்கொண்டு ஓடுங்கோ, பிள்ளை!"

சேலைத் தலைப்பால் மகனின் கண்ணைப் பொத்தினார். அதற்கு முன்பே அவன் கண்ணடித்துவிட்டான்.

காசைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல், கவிசா வீடு வந்து சேர்ந்தாள். கைபேசி அடித்தது. திரை நிறைய மாமியின் பெருவிரல், ஓரத்தில் கொஞ்சம் நெருப்பு.

"பவுண் உருகுது, பிள்ளை. நல்லாப் பாருங்கோ. திரும்பி ஓடி வந்திடாதேங்கோ!"