பூபதி செய்த இரண்டு கட்டில்கள்

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பூபதி வெல்டர். அவனுடைய மகள் நித்யஸ்ரீ தவழ ஆரம்பித்த சமயம், தூளியில் போட்டால் துணியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்க்கிறாள் என்று அவன் மனைவி ரஞ்சிதா சொன்னாள். "பயமா இருக்குதுங்க. சுத்திக் கம்பி வெச்ச கட்டலு ஒண்ணு வாங்கீரலாம்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்குப் போனார்கள். அஸ்தம்பட்டியில் குழந்தைச் சாமான்களாகவே விற்கும் பெரிய கடை. கட்டில்கள் எல்லாம் மரத்தில் இருந்தன. பூபதி ஒவ்வொன்றையும் விளிம்பில் பிடித்து ஆட்டிப் பார்த்தான். ஒன்று கிறீச்சிட்டது. இன்னொன்றில் ஆணி லேசாக வெளியே தெரிந்தது.

"இத்தன குச்சி எதுக்கு இப்பிடி நெருக்கி வெச்சிருக்கறான்? ஒண்ணொண்ணும் பென்சிலாட்டம் இருக்குது. பாதியக் கழட்டிப்போட்டு மிச்சத்தக் கனமா வெச்சா ஆயுசுக்கும் நிக்கும்" என்றான்.

"அதுக்கு ஏதாச்சும் கணக்கு இருக்குமுங்க" என்றாள் ரஞ்சிதா.

"என்ன கணக்கு? பாக்க அழகா இருக்கோணும்னு வெச்சிருப்பான். நானே செய்யறேன் புள்ள. பாறைச் சரக்கு ஏத்தற வண்டிக்கு பாடி கட்டறவன், எம்புள்ளைக்கு ஒரு கட்டலு செய்ய மாட்டனா?"

ரஞ்சிதாவுக்கும் அது சரியென்றே பட்டது. அவன் வேலையைப் பற்றி அவளுக்குப் பெருமை உண்டு.

பட்டறையில் வேலை முடிந்த பிறகு இருந்து செய்தான். சட்டத்துக்குச் சதுர பைப், பக்கங்களுக்கு உருண்டைக் கம்பி. வெல்டிங் வைத்த இடத்தையெல்லாம் வழவழவென்று தேய்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்துத் திருப்தியான பிறகே பெயிண்ட் அடிக்கக் கொடுத்தான். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே அவன் முஷ்டி தாராளமாகப் போய் வந்தது. காற்று நன்றாக வரும், பாப்பா வெளியே வேடிக்கை பார்க்கலாம் என்று நினைத்தான்.

பெயிண்ட் அடித்தவர் சின்னண்ணன். அதே பட்டறையில் லாரிகளின் முகப்பில் பெயரும் பூவும் எழுதுகிறவர். பூபதியைவிட வயதில் மிகவும் மூத்தவர். கட்டிலின் தலைமாட்டுத் தகட்டில் ஒரு கிளியை வரைந்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்.

"ஏம் பூபதி, இதே மாதிரி எம்பேரனுக்கு ஒண்ணு செஞ்சு குடேன்."

அவருடைய மகள் மதுமதியை வெண்ணந்தூரில் கட்டிக் கொடுத்திருந்தது. வீட்டிலேயே விசைத்தறி. அவள் மகன் தர்ஷனும் நித்யஸ்ரீயும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்தவர்கள். பூபதி சந்தோஷமாக ஒத்துக்கொண்டான். அளவுகூட மாற்றவில்லை. அந்தக் கட்டிலின் தகட்டில் சின்னண்ணன் மயில் வரைந்தார்.

இரண்டு குழந்தைகளும் அந்தக் கட்டில்களில்தான் தூங்கினார்கள். ரஞ்சிதா இலவம்பஞ்சு அடைத்துத் தடிமனாக ஒரு மெத்தை தைத்துப் போட்டிருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை பூபதி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தான். ரஞ்சிதா பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பாப்பா தூங்குகிறாளா என்று பார்க்க அறைக்குள் எட்டிப் பார்த்தான்.

கட்டிலுக்கு வெளியே, கம்பியை ஒட்டி, ஒரு சின்னச் சட்டை தொங்குவது போலத்தான் முதலில் தெரிந்தது. சட்டைக்குக் கீழே கால்கள் இருந்தன.

நித்யஸ்ரீயின் உடம்பு முழுவதும் கம்பிகளுக்கு இடையில் வழுக்கி வெளியே வந்திருந்தது. தலை மட்டும் உள்ளே. மோவாய் மெத்தை விளிம்பில் மாட்டியிருந்தது. அடிச்சட்டத்தில் ஒரு காலின் பெருவிரல் பட்டும் படாமலும் நின்றது. முகம் கருத்திருந்தது. சத்தமே இல்லை.

பூபதி பாய்ந்துபோய் மண்டியிட்டு, குழந்தையின் உடம்பைக் கீழிருந்து தாங்கித் தூக்கினான். தலையை உள்ளிருந்து வெளியே எடுக்கப் பார்த்தான், காது இடித்தது. உடம்பை உள்ளே தள்ளப் பார்த்தான், தோள் இடித்தது. எப்படி வந்ததோ அப்படித் திரும்பிப் போக மாட்டேனென்றது.

"ரஞ்சிதா" என்றான். பின்பு ஊரே கேட்கும்படி கத்தினான்.

அவள் ஈரக் கையோடு ஓடிவந்தாள். வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். அவ்வளவுதான். மறுகணம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே குழந்தையைத் தன் கையில் தாங்கிக்கொண்டாள்.

பூபதி இரண்டு கம்பிகளையும் பிடித்து விலக்கினான். வளையவில்லை. காலால் ஒன்றை உதைத்துக்கொண்டு மற்றதை இழுத்தான். அவன் வைத்த வெல்டிங். அவன் பொறுக்கியெடுத்த கம்பி. துளியும் அசையவில்லை. பின்பக்கம் ஓடிக் கடப்பாரையை எடுத்து வந்தான். குழந்தையின் தலைக்கு மேலே, கம்பிகளின் நடுவில் கொடுத்து, முழு உடம்பையும் போட்டு நெம்பினான். கடப்பாரை வழுக்கிச் சுவரில் இடித்தது. மறுபடியும் கொடுத்தான். கம்பி கொஞ்சமாக வளைந்தது.

"போதும், போதும்" என்றாள் ரஞ்சிதா. குழந்தையின் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு காதை மடக்கி, தலையை வெளியே எடுத்துவிட்டாள்.

குழந்தை அழவில்லை. ரஞ்சிதாவின் தோளில் துணி மாதிரிக் கிடந்தது. வாசலில் எதிர்வீட்டுக்காரர் ஆட்டோவை எடுத்துவிட்டிருந்தார். பூபதியின் கத்தல் அவருக்குக் கேட்டிருந்தது. ஆட்டோ தெருமுனை திரும்பும்போது நித்யஸ்ரீ ஒரு முறை இருமினாள். பிறகு மெலிதாக, பூனைக்குட்டி மாதிரி அழ ஆரம்பித்தாள். ரஞ்சிதாவும் அப்போதுதான் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் குழந்தையை வாங்கிக்கொண்டு போனார். கதவு சாத்தப்பட்டது. வெகுநேரம் கழித்து வெளியே வந்து, மூச்சு சீராக இருக்கிறது, கழுத்தில் எலும்புக்கு ஒன்றுமில்லை, நாளைவரை வைத்துப் பார்க்கலாம் என்றார். பிறகு, "எப்படி மாட்டுச்சு?" என்று கேட்டார்.

பூபதி முஷ்டியை மடக்கிக் காட்டினான். "இவ்வளவு சந்துங்க."

டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார். "குளிர்பான டின் இருக்குதில்லைங்களா, அது நுழையற அளவுக்குச் சந்து இருந்தாலே கூடாதுங்க. குழந்தைக்கு உடம்ப விடத் தலை பெருசு. கால் போற சந்துல இடுப்பு போயிரும், நெஞ்சும் போயிரும். தலை போகாது. மெத்தை எப்படி?"

"இலவம்பஞ்சுங்க. மெத்துனு இருக்கட்டும்னு..." என்றாள் ரஞ்சிதா.

"மெத்துனு இருக்கவே கூடாதுங்க. கெட்டியா, சட்டத்துக்குச் சரியா உக்காரணும். தலகாணி, பொம்மை எதுவும் உள்ள போடாதீங்க." அவர் குரலில் கோபம் இல்லை. "கடையில எங்க வாங்குனீங்க?"

பூபதியின் முகம் போன போக்கைப் பார்த்து, டாக்டர் கேள்வியை விட்டுவிட்டார்.

அவர் போன பிறகு பூபதி சுவரில் சாய்ந்தபடி நின்றான். திடீரென்று நிமிர்ந்தான்.

"இன்னொண்ணு இருக்குது" என்றான்.

ரஞ்சிதாவுக்கு உடனே புரிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சின்னண்ணனுக்கு போன் போட்டான். "ண்ணா, மதுமதிக்கு போன் போட்டுத் தர்ஷனக் கட்டல்ல இருந்து தூக்கச் சொல்லுங்க. இப்பவே" என்றான். சற்று நேரத்தில் அவர் திரும்பக் கூப்பிட்டார். "எடுக்க மாட்டீங்கறா பூபதி. மாப்பளையும் எடுக்கல. தறி ஓடிட்டு இருக்கும், சத்தத்துல கேக்காது. என்னாச்சுன்னு சொல்லு."

சொன்னான். "பட்டறை வாசல்ல நிக்கறேன், வந்து கூட்டீட்டுப் போ" என்றார் அவர்.

"போங்க" என்றாள் ரஞ்சிதா. "இவள நான் பாத்துக்கறேன். நீங்க மொதல்ல போங்க."

பூபதி ஆட்டோவில் வீட்டுக்குப் போய் பைக்கை எடுத்தான். பட்டறை வாசலில் சின்னண்ணன் காத்திருந்து ஏறிக்கொண்டார். பின்னால் உட்கார்ந்து அவர் விடாமல் போன் போட்டுக்கொண்டே வந்தார். மணி அடித்து அடித்து நின்றுபோகும் சத்தம் காற்றோடு பூபதிக்கும் கேட்டது. முட்டை லாரிகளும் கோழி வண்டிகளும் முன்னால் மறித்தன. ராசிபுரம் தாண்டியதும் சின்னண்ணன் அவன் தோளைப் பிடித்தார்.

"நான்தான தம்பி கேட்டு வாங்குனேன்" என்றார்.

"பேசாதீங்ணா" என்றான் பூபதி.

வெண்ணந்தூரில் மதுமதியின் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. பின்கட்டில் தறிகள் ஓடும் சத்தத்தில் தரை அதிர்ந்தது. நாற்காலி மேல் ஒரு போன் ஒளிர்ந்து அணைந்தது. பூபதி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினான்.

மயில் வரைந்த கட்டிலில் தர்ஷன் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு கால் தொடைவரை கம்பிக்கு வெளியே நீட்டியிருந்தது. இன்னொரு காலின் பாதமும் அதே சந்தின் ஓரத்தில் இருந்தது.

பூபதி குனிந்து அந்தக் காலை உள்ளே விட்டு, பையனை அள்ளித் தூக்கினான். தூக்கத்தில் இருந்த குழந்தை அரண்டு வீறிட்டது. அந்த அழுகை மட்டும் தறிச் சத்தத்தைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க மதுமதி ஓடிவந்தாள்.

"சித்தப்பா, நீங்களா? தூங்கற புள்ளய எதுக்குங்க எழுப்புறீங்க?" என்றாள். பிறகுதான் தரையில் உட்கார்ந்துவிட்ட அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, என்னாச்சு?"

பூபதி சொன்னான். குழந்தையை அவளிடம் கொடுக்காமல் அணைத்தபடியே சொன்னான். மதுமதி அவன் முகத்தையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பவில்லை போலத் தலையை அசைத்தாள். பிறகு அவள் அசைவு நின்றது.

"போன வாரம்" என்றாள் மெல்ல. "போன வாரம் ரெண்டு காலயும் இடுப்பு வரைக்கும் வெளிய உட்டுட்டு, கம்பியப் புடிச்சுட்டு ஆடீட்டு இருந்தானுங்க சித்தப்பா. சிரிச்சுட்டே இருந்தான். நான் அத போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்புனேன்."

சின்னண்ணன் தரையிலிருந்து நிமிரவில்லை. "நான் அத உனக்கு அனுப்புனேன், பூபதி" என்றார்.

பூபதி ஒரு கையால் போனை எடுத்துத் தேடினான். இருந்தது. கம்பிகளுக்கு வெளியே ஒரு குழந்தையின் இரண்டு கால்கள், உள்ளே வாய் கொள்ளாத சிரிப்பு. படத்துக்குக் கீழே அவனே எழுதியிருந்தான்: டிரைவர் சீட்டுல உக்காந்தாச்சு. அன்றைக்கு டீ குடித்துக்கொண்டே எழுதியது. வீட்டில் ரஞ்சிதாவிடமும் காட்டினான். அவளும் சிரித்தாள். சின்னண்ணனும் சிரித்தார். அத்தனை பேர் பார்த்தார்கள். அந்தச் சந்து படத்தின் நட்டநடுவில் இருந்தது.

தர்ஷன் அழுகையை நிறுத்திவிட்டு அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தான். மதுமதி கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் சுவரோரம் உட்கார்ந்தாள். தறியை நிறுத்திவிட்டு வந்த அவள் புருஷன், என்ன ஏதென்று தெரியாமல் எல்லார் முகத்தையும் பார்த்தான்.

பூபதி அந்தக் கட்டிலை அங்கே விட்டுவர மாட்டேனென்று சொல்லிவிட்டான். பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய், கட்டர் கேட்டு வாங்கி, கம்பி கம்பியாக அறுத்தான். பட்டறைக்காரர், "நல்ல வேலையாச்சேங்க, எதுக்கு அறுக்கறீங்க?" என்று கேட்டார். பூபதி தீப்பொறியைப் பார்த்தபடி இருந்தான்.

பொழுது சாய்ந்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது நித்யஸ்ரீ பால் குடித்துக்கொண்டிருந்தாள். மோவாய்க்கு அடியில் இரண்டு பக்கமும் சிவந்த தடம். ரஞ்சிதா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லாருக்கறானுங்களா?"

"இருக்கறான்" என்றான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போட்டோவைக் காட்டினான். அவள் அதைப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வீட்டிலிருந்த கட்டிலையும் பூபதி அறுத்துப் பழைய இரும்பில் போட்டான். சில நாள் குழந்தையைத் தரையில் பாய் விரித்துப் போட்டார்கள். எறும்பு வந்தது. மறுபடி கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. இந்த முறை பூபதி எதையும் ஆட்டிப் பார்க்கவில்லை, ரஞ்சிதா முடிவு செய்யட்டும் என்று பின்னால் நின்றான். அவள் பையிலிருந்து ஒரு குளிர்பான டின்னை எடுத்து, ஒவ்வொரு சந்திலும் வைத்துப் பார்த்தாள். மெத்தையை முழங்கையால் அழுத்தினாள். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் போகிறதா என்று சுற்றிலும் தடவினாள். கடைப்பெண் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல வந்து, ரஞ்சிதாவின் முகத்தைக் கண்டு விலகிக்கொண்டாள். சாதாரண மரக்கட்டில் ஒன்றை எடுத்தார்கள். மதுமதிக்கும் அதே போல ஒன்று.

ஆனால் கட்டில் வந்தும் ரஞ்சிதா குழந்தையை அதில் போடவில்லை. மடியிலேயே வைத்திருந்தாள். மடியிலேயே தூங்க வைத்தாள். கேட்டால், "இப்பத்தான் கண்ண மூடுனா, அப்பறம் போடறேன்" என்பாள். பூபதியும் வற்புறுத்தவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவளே எழுந்தாள். தூங்கும் நித்யஸ்ரீயைக் கொண்டுபோய் மெத்தையில் மல்லாக்கப் போட்டாள். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றாள். பிறகு ஒவ்வொரு விரலாக எடுத்தாள். கட்டிலின் அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள். பூபதி வந்து இந்தப் பக்கம் உட்கார்ந்தான்.

"நீங்க போயிச் சாப்புடுங்க" என்றாள் அவள்.

"நீ சாப்புடு. நான் இருக்கறேன்."

இருவரும் எழவில்லை. குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.